பர்ஸுக்குள் ஒரு டார்ச்: தடிமன்தான் தலைவலி

ஏடிஎம் கார்டு 85.6 × 54 மி.மீ. அந்த நீள அகலத்துக்குள் டார்ச் செய்வது சுலபம், தடிமன்தான் படுத்தும். பலரும் எடுக்கும் சிஆர்2032 பட்டன் செல்லே 3.2 மி.மீ. சிஆர்2016 என்றால் 1.6தான், வழக்கமான பிசிபி போர்டும் (பாகங்களைப் பொருத்தும் மின்சுற்றுப் பலகை) அதே தடிமன். போர்டில் 20.3 மி.மீ. வட்டம் வெட்டி இறக்கினால் செல் மட்டமாக உட்காரும். கொள்ளளவு (செல் தாங்கும் மின்சாரம்) 90 எம்ஏஎச், அதாவது மில்லியாம்பியர்-மணி, அளவுக்குக் குறையும். சாவித் துவாரம் தேட அது தாராளம்.

வெள்ளை எல்இடிக்கு ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும், செல் தருவதும் அவ்வளவே. மிச்சத்தைச் செல்லின் உள்தடை பார்த்துக்கொள்ளும், மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் தேவையில்லை. சிவப்புக்கு 2 வோல்ட் போதும். 5 மில்லியாம்பியரில் நிறுத்த 200 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். செல் இளைத்த பிறகும் சிவப்பு எரியும் என்பது கூடுதல் லாபம்.

பக்கவாட்டில் ஒளி வீசும் எல்இடியை மூலையோரம் வையுங்கள். நடுவில் வைத்தால், பின் பாக்கெட்டோடு உட்காரும்போது போர்டு வளைந்து சால்டர் (ஈயப்பற்று) விரிசல் விடும். புஷ் பட்டன் வேண்டவே வேண்டாம்: பர்ஸின் அழுத்தத்திலேயே எரிந்து தீர்ந்துவிடும். குமிழ் வெளியே துருத்தாத ஸ்லைடு சுவிட்ச் சரி.

செல் மேல் நேரடியாகச் சால்டர் வைக்காதீர்கள். சூட்டில் சீல் போய்க் கசியும், வெடிக்கவும் கூடும். அதற்குப் பதில், செல்லைத் தொட்டு இணைக்க இருபுறமும் 0.2 மி.மீ. பாஸ்பர் வெண்கலத் தகடு, அதன்மேல் மின்சாரம் கடத்தாத கேப்டான் (Kapton) டேப். டேப்பை விட்டால் பர்ஸிலுள்ள சில்லறைக் காசே ஷார்ட் அடிக்கும்.