வடிகால் கணக்கு முட்டுக்காட்டில் தொடங்க வேண்டும்

தென்சென்னையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் எங்கே வடிகால் தோண்டினாலும் எனக்கு ஒரே கேள்விதான் வருகிறது. இந்தத் தண்ணீர் கடைசியில் எங்கே போகும்?

சுற்றியுள்ள ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வருகிறது. அங்கிருந்து முக்கிய வழி ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி. அதைத் தாண்டி பக்கிங்காம் கால்வாய், பிறகு தெற்கே நெடுந்தூரம் ஓடி முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடல். வழி நெடுக சரிவு என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. மடுவுப் பாலத்தின் கண்களில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொண்டாலே போதும், மேற்கே நீர்மட்டம் ஏறிவிடும். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருந்தால் இன்னும் மோசம். புயல் நேரத்தில் கடலும் ஏறி நிற்கும், உள்ளே வாங்காது. 2015லும் 2023 மிக்ஜாம் புயலிலும் மழை விட்ட பிறகும் தண்ணீர் நின்றதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

தெருவில் வடிகால் போட்டால் தண்ணீர் மடுவுக்குச் சீக்கிரம் வந்து சேரும், அவ்வளவுதான். அதனால் ஆய்வைக் கடல் மட்டத்திலிருந்து தொடங்கி மேலே வரவேண்டும். கடல் ஓதம் உச்சத்தில் இருக்கும்போது முட்டுக்காடு எவ்வளவு வாங்கும், மடுவு எவ்வளவு விடும், மிச்சத்தை எங்கே நிறுத்தி வைப்பது?

நிறுத்தி வைக்கத்தான் சதுப்பு நிலம் இருந்தது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர். 2022ல் ராம்சார் தளமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவித்தார்கள், மனதார மகிழ்ந்தேன். அப்புறமும் அதன் ஓரத்தில் மண் கொட்டுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாவது மடுவையும் முகத்துவாரத்தையும் தூர்வாரச் சொல்லி வார்டு கூட்டத்தில் எல்லோரும் கேளுங்கள்.