பரீட்சை எழுத ஒரு ப்ராக்டரைத் தேடி

2016-ல் நாங்கள் அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். கணவரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் வந்த எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை, படிக்கத் தடையில்லை. சி.பி.ஏ., அதாவது அமெரிக்காவில் லைசென்ஸ் பெற்ற கணக்காளர் (நம்மூர் ஆடிட்டர் மாதிரி), ஆக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. லைசென்ஸுக்கு அப்போது 150 கிரெடிட் (கல்லூரிப் படிப்பை அளக்கும் புள்ளி) வேண்டியிருந்தது. சென்னையில் மூன்று வருடம் படித்த பி.காம். அதற்குப் போதவில்லை. குறைந்ததை ஈடுகட்ட, ஒரு பல்கலைக்கழகத்தில் தொலைதூரக் கல்வியில் ஆடிட்டிங் பாடம் எடுத்தேன்.

பையனுக்கு அப்போது மூன்று வயது. அவன் தூங்கியபின் படிப்பேன். அதில் சிரமம் தெரியவில்லை. சிரமம் கடைசிப் பரீட்சையில் வந்தது. நம்மூரில் ஹாலுக்குப் போய் உட்கார்ந்தால் கண்காணிப்பாளர், இங்கே சொல்வதுபோல் ப்ராக்டர், அங்கே இருப்பார். இங்கே அவரை நாமே தேடிப் பிடித்து, பல்கலைக்கழகத்தின் ஒப்புதலும் வாங்க வேண்டும். சொந்தக்காரர், நண்பர், பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை பார்ப்பவர் யாரும் கூடாது. நூலகர், பள்ளி ஆசிரியர், டெஸ்டிங் சென்டர் ஊழியர் என்றால் சரி. அவருடைய அலுவலக ஈமெயிலைத்தான் தர வேண்டும், ஜிமெயில் செல்லாது.

பக்கத்து ஊரில் ஒரு தமிழ் அக்கா ஸ்கூல் டீச்சர். வாரம் தவறாமல் இரு வீட்டிலும் சேர்ந்து சாப்பிடுவோம். அவரிடம் கேட்டேன். ப்ராக்டர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டிய பல்கலைக்கழகப் படிவத்தை முழுதும் படித்துவிட்டு, "உன்னை யாரோன்னு சொல்லி நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுறது?" என்றார். அவர் சொன்னதுதான் நியாயம்.

வெப்கேம் வழியாக வீட்டிலேயே எழுதும் வசதியும் இருந்தது. பரீட்சை நேரத்தில் அறைக்குள் வேறு யாரும் வரக்கூடாது என்பது விதி. எங்கள் வீட்டில் பெட்ரூம் கதவைச் சாத்தினால் பையன் வெளியே நின்று தட்டிக்கொண்டே இருப்பான். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஊர் நூலகத்தில் கேட்டதும் ஒப்புக்கொண்டார்கள், கட்டணமும் இல்லை. படிவம் போனது. ஒரு வாரம் கழித்து நிராகரித்துவிட்டதாகப் பதில் வந்தது. கூடவே வந்த நகலைப் பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது. "மாணவரைத் தேர்வு முடியும்வரை தொடர்ந்து கவனிப்பேன்" என்ற வரியின் மேல் நூலகர் பேனாவால் நேராக ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே கையெழுத்திட்டிருந்தார். அங்கே வேலைக்கு இருப்பவர்கள் இரண்டே பேர். கவுன்டரைப் பார்த்துக்கொண்டே அவ்வப்போது வந்து எட்டிப் பார்க்க மட்டும்தான் அவர்களால் முடியும். தன்னால் முடியாததற்கு அவர் கையெழுத்துப் போடவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நான்தான் முதல் நாளே அந்த வரியைக் காட்டிக் கேட்டிருக்க வேண்டும்.

நீங்களும் நூலகத்தில் கேட்பதாக இருந்தால் தயவுசெய்து இதை முதலில் கேளுங்கள்: பரீட்சை முடியும்வரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பாரா, அப்படி எழுதிக் கையெழுத்துத் தருவாரா?

கடைசித் தேதிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. நேஷனல் காலேஜ் டெஸ்டிங் அசோசியேஷன் என்ற அமைப்பு, வெளி மாணவர்களுக்கும் பரீட்சை நடத்தித் தரும் கல்லூரிகளின் பட்டியலை வைத்திருக்கிறது. அதில் ஒரு கம்யூனிட்டி காலேஜின் (இரண்டு வருடப் படிப்பு தரும் உள்ளூர்க் கல்லூரி) டெஸ்டிங் சென்டர் கிடைத்தது. காரில் ஒரு மணி நேரம், கட்டணமும் உண்டு. அவர்கள் அனுப்பிய படிவத்துக்கு உடனே ஒப்புதல் வந்தது.

அடுத்தது பெயர்ச் சிக்கல். பாஸ்போர்ட்டிலும் டிரைவிங் லைசென்ஸிலும் என் கடைசிப் பெயர் அப்பா பெயர். பல்கலைக்கழகத்தில் சேரும்போது கணவர் பெயரைக் கொடுத்திருந்தேன். அடையாள அட்டையும் பதிவும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். பாஸ்போர்ட் நகலை அனுப்பித் திருத்தி வாங்க நான்கு நாள் ஆனது. இனிஷியலோடு வளர்ந்த நம் ஆட்கள் பதிவு செய்யும் அன்றே இதைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

பரீட்சையன்று போனையும் வாட்சையும் லாக்கரில் வைக்கச் சொன்னார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து நேராக அவர்களுக்கு வந்திருந்த வினாத்தாள் உறையை சென்டரில் ப்ராக்டராக இருந்த அம்மா என் கண்முன்னே பிரித்து, மேலே நேரத்தைக் குறித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மூன்று மணி நேரமும் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் விடைத்தாளோடு நான் கணக்குப் போட்ட தாளையும் வாங்கி, நான் தபால் செலவு கட்டிக் கொண்டுபோயிருந்த உறைக்குள் வைத்து ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே கையெழுத்துப் போட்டார்.

அடுத்து டாக்ஸ் பாடம். இந்த முறை முதலில் அந்த சென்டருக்குப் போன் செய்து தேதி கேட்டுக்கொண்டேன். பிறகுதான் பல்கலைக்கழகத்துக்குப் பணம் கட்டினேன்.