வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்று எழுதிக் கொடுத்தால் டெக்ஸஸ் பள்ளியில் என்னென்ன தேர்வு வரும்

டாலஸ் பக்கம் புதிதாகக் குடி வருகிற தமிழ்க் குடும்பங்கள் எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸப் குழுவில் ஆகஸ்ட் மாதம் வந்தால் தவறாமல் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். பள்ளியில் சேர்க்கும்போது ஒரு படிவத்தில் வீட்டில் என்ன மொழி என்று கேட்கிறார்களே, அதில் தமிழ் என்று போடலாமா, இங்கிலீஷ் என்று போட்டுவிட்டுப் போய்விடலாமா? பாதிப் பேர் "இங்கிலீஷ்னு போடுங்க, இல்லேன்னா ஏகப்பட்ட டெஸ்ட் வைப்பாங்க" என்பார்கள். நான் தமிழ் என்றுதான் போட்டேன், இப்போது கேட்டாலும் அதையேதான் போடச் சொல்வேன். ஆனால் அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதை யாரும் முழுதாகச் சொல்வதில்லை, அதனால் எங்கள் மகள் விஷயத்தில் நடந்ததை எழுதுகிறேன். பள்ளியின் பெயரும் ஊரின் பெயரும் வேண்டாம்.

அவள் கோயம்புத்தூரில் ஆங்கில வழிப் பள்ளியில் முதல் வகுப்பு முடித்துவிட்டு இங்கே இரண்டாம் வகுப்பில் சேர்ந்தாள். டெக்ஸஸில் அரசுப் பள்ளியில் முதன்முறை சேர்க்கும்போது வீட்டு மொழிப் படிவம் கட்டாயம். வீட்டில் பெரும்பாலும் எந்த மொழி, குழந்தை பெரும்பாலும் எந்த மொழியில் பேசும் என்பதுதான் கேள்வி. ஆங்கிலம் அல்லாத ஒரு மொழி அதில் இருந்தாலே ஆங்கிலத் திறனைச் சோதித்துப் பார்த்தாக வேண்டும், பள்ளிக்கு வேறு வழியில்லை. என் கணவர் "இங்கிலீஷ் மீடியம்ல படிச்ச பொண்ணுதானே, எதுக்கு வம்பு" என்றார். வீட்டில் நாங்கள் பேசுவது தமிழ், அவள் தூக்கத்தில் உளறுவதும் தமிழ். கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற காகிதத்தில் பொய் எழுத எனக்கு மனசு வரவில்லை.

இதில் ஒரு சின்ன விதி இருக்கிறது, அலுவலகத்தில் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. படிவத்தில் தவறாக எழுதிவிட்டோம் என்று நினைத்தால் திருத்தலாம், ஆனால் சேர்ந்த நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் கேட்க வேண்டும், அதுவும் குழந்தைக்கு அந்த மொழிச் சோதனை வைப்பதற்கு முன்னால். சோதனை முடிந்த பிறகு "அய்யோ, வீட்ல இங்கிலீஷ்தான் சார்" என்று போய் நின்றால் எடுபடாது. பிறகு வேறு ஊருக்கு மாறினாலும் அந்த முதல் படிவம்தான் குழந்தையின் கோப்போடு கூடவே போகும்.

சோதனைக்குப் பெயர் லாஸ் லிங்க்ஸ். கேட்பது, பேசுவது, படிப்பது, எழுதுவது என நாலு பகுதி. சேர்ந்த நாலு வாரத்துக்குள் இதை வைத்து, எல்பேக் என்கிற பள்ளிக் குழு கூடி முடிவு செய்துவிட வேண்டும். படிப்பதிலும் எழுதுவதிலும் என் மகளுக்குப் பிரச்சினை இல்லை. முன்பின் தெரியாத ஒரு அம்மாள் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டதும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆங்கிலம் வராமல் இல்லை, கூச்சம். ஆனால் கூச்சத்துக்கு என்று மதிப்பெண் தாளில் தனிக் கட்டம் கிடையாதே. எமர்ஜென்ட் பைலிங்குவல், அதாவது ஆங்கிலம் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிற பிள்ளை, என்று முத்திரை குத்தி வீட்டுக்குக் கடிதம் வந்தது.

கடிதத்தில், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகச் சொல்லிக் கொடுக்கிற இ.எஸ்.எல். வகுப்பில் சேர்க்கச் சம்மதமா, இல்லையா என்று கேட்டிருந்தார்கள். இங்கேதான் பல பெற்றோர் கோட்டை விடுகிறார்கள். வேண்டாம் என்று எழுதினால் வகுப்பு மட்டும்தான் போகும், முத்திரை போகாது. முத்திரை இருக்கும்வரை டெல்பாஸ் என்கிற ஆங்கிலத் திறன் தேர்வை வருடாவருடம் எழுதித்தான் ஆக வேண்டும். அந்தத் தேர்வு மாநிலத்தின் விருப்பம் மட்டும் இல்லை, 2015இல் வந்த எவ்ரி ஸ்டூடண்ட் சக்ஸீட்ஸ் என்கிற மத்தியச் சட்டமே கேட்கிறது. நாங்கள் சம்மதம் என்றே எழுதினோம். எப்படியும் தேர்வு வரப்போகிறது, சொல்லிக் கொடுக்கிற ஆசிரியரை எதற்கு வேண்டாம் என்று தள்ள வேண்டும்?

முதல் வருட டெல்பாஸில் பேசும் பகுதியிலேயே மாட்டினாள். தலையில் ஹெட்செட், முன்னால் திரை. படம் வரும், அதைப் பற்றி மைக்கில் பேச வேண்டும், பேசியதைக் கணினி மதிப்பிடும். நம் பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிப் பழகியவர்கள். படத்தில் ஒரு பையன் குடையோடு ஓடுகிறான் என்றால் 'பையன் ஓடுகிறான்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார்கள். பதில் சரிதான், ஆனால் கணினிக்குத் தேவை பேச்சு. ஏன் ஓடுகிறான், மழை வரப்போகிறதா, பஸ் போய்விட்டதா, பின்னால் நாய் நிற்கிறதே அது எங்கே போகிறது, இப்படி நாலைந்து வாக்கியம் கோர்வையாக வந்தால்தான் மேல் நிலை. பிகினிங், இன்டர்மீடியட், அட்வான்ஸ்டு, அட்வான்ஸ்டு ஹை என்று நாலு படி. இவளுக்குப் பேச்சில் மேல் படி கிடைக்கவில்லை, முத்திரையும் அப்படியே நின்றது.

அடுத்த வருடம் மூன்றாம் வகுப்பு. அமெரிக்காவில் மூன்றாம் வகுப்பு என்றாலே மாநிலத் தேர்வு ஆரம்பம். மூன்று முதல் எட்டாம் வகுப்புவரை ஒவ்வொரு வருடமும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு வைக்க வேண்டும், உயர்நிலையில் ஒரு முறை வைக்க வேண்டும் என்பது மத்தியச் சட்டம். எந்தத் தேர்வு, தோற்றால் என்ன, பெற்றோர் மறுக்கலாமா என்பதெல்லாம் அந்தந்த மாநிலத்தின் கையில். அதனால் வேறு மாநிலத்துச் சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்டு இங்கே எதையும் செய்யக் கூடாது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கலிஃபோர்னியாவில் இருக்கிற ஒரு அக்கா வாட்ஸப் குழுவில் ஒரு கடித மாதிரியைப் போட்டார். "என் குழந்தைக்கு மாநிலத் தேர்வு வேண்டாம்" என்று நாலு வரி. அவர் ஊரில் அது செல்லும். கலிஃபோர்னியா கல்விச் சட்டம் 60615இன்படி பெற்றோர் எழுத்தில் கேட்டால் பள்ளி விலக்குக் கொடுத்தே ஆக வேண்டும், ஆசிரியர்கள் 'எழுதிக் கொடுங்கள்' என்று தூண்டத்தான் கூடாது. எங்கள் குழுவில் சிலர் அதை அப்படியே பெயர் மாற்றி இங்கே பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். நான் அனுப்புவதற்கு முன்னால் பள்ளிக் கவுன்சலரிடம் கேட்டேன். டெக்ஸஸில் அப்படி ஒரு வழியே இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது, சட்டப் பிரிவு எண்ணும் போட்டிருந்தார், அதற்காக நன்றி சொல்ல வேண்டும். டெக்ஸஸ் கல்விச் சட்டம் 26.010. மத நம்பிக்கைக்கோ ஒழுக்க நம்பிக்கைக்கோ முரணான வகுப்பிலிருந்து பிள்ளையைத் தற்காலிகமாக விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை தருகிற பிரிவு அது. அதே பிரிவு, தேர்வைத் தவிர்ப்பதற்காக விலக்க உரிமை இல்லை என்றும் சொல்லிவிடுகிறது. உரிமையைக் கொடுக்கிற பிரிவிலேயே கதவையும் சாத்திவைத்திருக்கிறார்கள்.

தேர்வு நாளன்று மட்டும் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். தேர்வுக்கு ஒரு நாள் இல்லை, நாட்கணக்கில் ஒரு காலம் உண்டு, திரும்பி வந்ததும் உட்கார வைப்பார்கள்.

தேர்வை எழுத வைக்க எங்களுக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. எமர்ஜென்ட் பைலிங்குவல் பட்டியலிலிருந்து வெளியே வர மூன்று விஷயம் வேண்டும்: டெல்பாஸில் மாநிலம் கேட்கிற நிலை, ஸ்டார் என்கிற அந்த மாநிலத் தேர்வில் வாசிப்பில் தேர்ச்சி, ஆசிரியர் நிரப்பிக் கொடுக்கும் மதிப்பீடு. அந்த அளவுகோல் அட்டவணையை மாநிலக் கல்வித் துறை தன் தளத்திலேயே போடுகிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆக, ஸ்டார் எழுதாமல் விட்டால் வாசிப்பு மதிப்பெண் இருக்காது, மதிப்பெண் இல்லையென்றால் முத்திரை போகாது, முத்திரை போகாவிட்டால் அடுத்த வருடமும் டெல்பாஸ். ஒரு தேர்வுக்குத் தப்பி ஓடினால் இன்னொரு தேர்வில் போய் விழ வேண்டியதுதான். கடிதம் அனுப்பியவர்களில் ஒருவரின் பையனும் இதே பட்டியலில் இருந்தான், இதைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

தேர்வுக்கு முன்னால் எல்பேக் குழு கூடி, குழந்தைக்குச் சலுகை ஏதாவது வேண்டுமா என்று முடிவு செய்வார்கள். கேள்வியைக் கணினி வாசித்துக் காட்டுவது, கடினமான சொற்களுக்கு விளக்கம் தருவது, கூடுதல் நேரம் என்று சில உண்டு. கேட்டதும் எல்லாமே நல்லதாகத்தானே தோன்றும், "குடுங்க" என்று சொல்லத்தான் வாய் வரும். இ.எஸ்.எல். ஆசிரியைதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விளக்கினார். வாசிப்புத் தேர்வில் அந்தச் சலுகைகளை எடுத்துக்கொண்டால் அந்த வருடம் பட்டியலிலிருந்து நீக்குவதைப் பற்றிக் குழு யோசிக்கவே முடியாது. உண்மையில் தேவைப்படுகிற குழந்தைக்கு அது வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. இவளுக்குத் தேவையில்லை என்று அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம். குழுக் கூட்டத்துக்குப் பிறகு அல்ல, முன்பே ஆசிரியரிடம் பேசிவிடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் தயாரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பழைய பத்திரிகைப் படம் ஏதாவது ஒன்றை எடுத்து வைத்து 'ஏன்', 'அப்புறம்' என்று நச்சரித்துக்கொண்டே இருப்பேன். முதல் வாரம் அழுகை. பிறகு அவளே கதை கட்ட ஆரம்பித்தாள், நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டாள். ஒருநாள் என் மொபைலில் அவள் குரலைப் பதிவு செய்து அவளிடமே போட்டுக் காட்டினேன். 'இது நானா?' என்று கேட்டுவிட்டு இன்னொரு தடவை பேசுகிறேன் என்றாள். மைக் பயம் அதோடு விட்டது. ஸ்டாருக்குக் கல்வித் துறை தளத்தில் இருக்கிற பழைய கேள்வித்தாள் போதும், காசு கொடுத்து வகுப்பு தேவையில்லை. ஆனால் தட்டச்சு பழக்கிவிடுங்கள். இப்போது தேர்வு கணினியில், கட்டுரையும் அதில்தான் அடிக்க வேண்டும். ரூப்ரிக் என்கிற திருத்தும் அளவுகோலில் கருத்துக்கும் அமைப்புக்கும் 3 வரை, இலக்கணம், எழுத்துப்பிழை வகைக்கு 2 வரை. ஒற்றை விரலால் தேடித் தேடி அடிக்கிற பிள்ளை இரண்டாவது பத்திக்கு வருவதற்குள் சலித்துப்போகும்.

வாட்ஸப் குழுவில் உலவுகிற இன்னொரு பயம், ஸ்டாரில் தோற்றால் வகுப்பு ஏற்ற மாட்டார்கள் என்பது. டெக்ஸஸில் முன்பு ஐந்திலும் எட்டிலும் அப்படி இருந்தது, 2021இல் எச்பி 4545 என்கிற சட்டம் அதை எடுத்துவிட்டது. ஃப்ளோரிடாவில் மூன்றாம் வகுப்பு வாசிப்புத் தேர்வில் குறைந்தால் நிறுத்திவைக்கிற சட்டம் உண்டு, அங்கிருந்துதான் இந்தப் பயம் இங்கே வந்திருக்க வேண்டும். இங்கே தோற்றால் வருவது கூடுதல் பயிற்சி. 2023இல் வந்த எச்பி 1416இன்படி மதிப்பெண்ணைப் பொறுத்து 15 மணி நேரம் அல்லது 30 மணி நேரம். எதிர்வீட்டுத் தெலுங்குக் குடும்பத்துப் பையனுக்குக் கணக்கில் அப்படி வந்தது. தேர்வை மறுக்க முடியாதே தவிர, இந்தப் பயிற்சியை வேண்டாம் என்றோ மாற்றிக் கொடுங்கள் என்றோ பெற்றோர் எழுதிக் கொடுக்கலாம், பள்ளி அதைத் தூண்டக் கூடாது. அவர்கள் எழுதிக் கொடுக்கவில்லை, பையனும் போய்வந்தான், நல்லதுதான் என்றார்கள். உயர்நிலைப் பள்ளிக் கதை வேறு. அல்ஜீப்ரா 1, ஆங்கிலம் 1, உயிரியல், அமெரிக்க வரலாறு என்று பள்ளிப் பட்டத்துக்கே தேர்வுகளைக் கட்டிவைத்திருக்கிறார்கள், அங்கே இந்த நிதானம் உதவாது.

கோடை விடுமுறையில் முடிவு வந்தது. டெல்பாஸ் பேச்சில் இந்தத் தடவை மேல் படி, ஸ்டார் வாசிப்பில் தேர்ச்சி. கணக்கு சுமார்தான், போகட்டும். பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம் என்று கடிதம் தானாக வரும் என்று காத்திருந்தோம், வரவே இல்லை. நானே மின்னஞ்சல் போட்டேன், குழுக் கூட்டக் குறிப்பில் முடிவு இருக்கிறது, கடிதம்தான் போகவில்லை என்று பதில். அந்தக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஊர் மாறினால் தேவைப்படும். இதற்குப் பிறகும் இரண்டு வருடம் கண்காணிப்பு இருக்கும், அதில் குழந்தைக்குத் தனியாக எந்தத் தேர்வும் கிடையாது, மதிப்பெண்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

இப்போது சேர்க்கிறவர்களுக்கு ஒரு செய்தி: ஸ்டாரையே எடுத்துவிட்டு, வருடத் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று சிறு தேர்வுகளாக 2027–28 கல்வியாண்டிலிருந்து வைக்கச் சட்டம் போட்டிருக்கிறார்கள். எச்பி 8, 2025இல் கையெழுத்தானது. மத்தியச் சட்டம் கேட்கிற தேர்வு அப்படியேதான் இருக்கிறது, பெயரும் வடிவமும்தான் மாறுகிறது. டெல்பாஸ் தனிக் கணக்கு.

மதிப்பெண் அறிக்கையில் அக்சஸ் கோடு என்று ஒரு குறியீடு இருக்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மாநிலத்தின் தேர்வுத் தளத்தில் அதைப் போட்டால் கேள்வி, குழந்தை தேர்ந்தெடுத்த விடை, தட்டச்சு செய்த கட்டுரை எல்லாமே தெரியும். எழுத்து விடைகளை முதலில் கணினிதான் திருத்துகிறது, ஒரு பகுதியை மட்டும் மனிதர்கள் பார்க்கிறார்கள். என் மகளின் கட்டுரையில் முதல் பத்தி பிரமாதம், கடைசி வாக்கியம் முற்றுப்புள்ளி இல்லாமல் பாதியில் நிற்கிறது. மதிய உணவுக்கு மணி அடித்துவிட்டது என்றாள். மதிப்பெண்ணில் சந்தேகம் இருந்தால் பள்ளி மூலமாக மறுமதிப்பீடு கேட்கலாம், 50 டாலர் கட்டணம், மதிப்பெண் கூடினால் அந்தக் கட்டணம் இல்லை. தேர்ச்சி ஆகிவிட்டதால் நாங்கள் கேட்கவில்லை.