சாவர்ட் செய்த பெட்டி வயலின்

பிளஸ் டூ இயற்பியலில், மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலத்தைக் கணக்கிடும் பயட்-சாவர்ட் விதி படித்திருப்போம். அந்த சாவர்ட் மருத்துவம் படித்தவர். 1819இல் பாரிஸில் வயலினின் உருவத்தையே மாற்றிப் பார்த்தார் மனிதர்!

இடுப்பு வளைவே கிடையாது. சரிவக வடிவப் பெட்டி, தட்டைப் பலகைகள். எஃப் வடிவத் துளைகளுக்குப் பதில் நேராக இரண்டு கீறல். வளைத்து வெட்டினால் மர இழைகள் அதிகமாக அறுபடும், அதிர்வு கெடும் என்பது அவர் கணக்கு.

பிரெஞ்சு அறிவியல் அகாடமி இதைச் சோதிக்க ஒரு குழு போட்டது. பக்கத்து அறையில் இதையும் நல்ல பழைய வயலின் ஒன்றையும் மாற்றி மாற்றி வாசிக்க வைத்தார்கள். கேட்டவர்களால் எது எதுவென்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அப்புறமும் உலகம் பழைய உருவத்தையே வைத்துக்கொண்டதில் எனக்கு வருத்தம்தான். வாத்தியம் செய்கிற நண்பர்கள் யாராவது இப்படி ஒன்று செய்தால் சொல்லுங்கள், கேட்க ஓடி வருகிறேன்.