மூன்றாவது சுற்றில் கிடைத்த கல்ச்சர் முடிவு

சர்க்கரை நோய் உள்ள என் அம்மாவுக்கு 67 வயதில் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் தொடங்கியது. மருந்துக் கடையில் சொல்லி சிப்ரோஃப்ளாக்சசின் (சிப்ரோ) என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்தின் 500 மில்லிகிராம் மாத்திரைகளை வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாளில் எரிச்சல் அடங்கவே, மீதியை எடுத்து வைத்தேன். ஐந்து வாரம் கழித்து எரிச்சல் திரும்பியபோது அந்த மீதி மாத்திரைகள் சிறிதும் கேட்கவில்லை. மருத்துவர் ஒருவர் எழுதிக் கொடுத்த செஃபிக்சிம் என்ற வேறொரு பாக்டீரியா எதிர்ப்பு மருந்துக்குத் தணிந்த தொற்று, இரண்டு மாதத்தில் குளிர்நடுக்கத்தோடும் முதுகு வலியோடும் காய்ச்சலாக வந்து நின்றது.

மருத்துவமனையில் சேர்த்த பிறகுதான் சிறுநீரில் உள்ள பாக்டீரியாவை வளர்த்து, அது எது, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை முதன்முறையாக நடந்தது. இரண்டு நாள் கழித்து வந்த தாளில், ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் இ.கோலி பாக்டீரியா என்று இருந்தது. அதன் கீழே மருந்துகளின் பெயர்களும், எதிரே கேட்கும் என்பதற்கு 'எஸ்', கேட்காது என்பதற்கு 'ஆர்' என்ற எழுத்துகளும் இருந்தன. சிப்ரோவுக்கும் செஃபிக்சிமுக்கும் 'ஆர்' வந்ததன் காரணத்தை ஊகிக்க முடிந்தது. அம்மாவுக்கு ஒரு முறைகூடக் கொடுக்காத ஜென்டாமைசினுக்கும் கோட்ரைமாக்சசோலுக்கும் ஏன் 'ஆர்' என்பதுதான் புரியவில்லை.

சிகிச்சை அளித்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இ.கோலியின் இயல்பான இருப்பிடம் குடல். சிறுநீர்ப்பைக்காக விழுங்கும் மாத்திரை குடலில் உள்ள கோடிக்கணக்கான இ.கோலிகளையும் தாக்குகிறது. சிப்ரோ பற்றிக்கொள்ளும் கைரேஸ் என்ற நொதியில் தற்செயலாகச் சிறு மாற்றம் ஏற்பட்டிருந்த சில பாக்டீரியாக்கள் மட்டும் பிழைக்கின்றன. மற்றவை மடிந்து காலியான இடத்தில் அவையே பெருகி, அடுத்த தொற்றுக்கு அங்கிருந்தே புறப்படுகின்றன. மருந்து அம்மாவின் உடம்புக்குப் பழகிவிட்டது என்று வீட்டில் நாங்கள் பேசிக்கொண்டது முற்றிலும் தவறு. மாறியது உடம்பல்ல, உள்ளே வாழும் பாக்டீரியாக் கூட்டம்.

செஃபிக்சிமை உடைக்கும் இ.எஸ்.பி.எல். நொதியின் கதை வேறு. அதற்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருக்கிறது, அந்த வளையத்தை ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்கு, வேறு இனத்துக்குக்கூட, கொடுத்துவிட முடியும். ஜென்டாமைசினையும் கோட்ரைமாக்சசோலையும் எதிர்க்கும் மரபணுக்கள் பல சமயம் அதே வளையத்தில் சேர்ந்திருப்பதால், ஒரு மருந்து கொடுத்தாலே எல்லா எதிர்ப்பும் ஒன்றாகத் தேர்வாகிவிடுகிறது. இவ்வகை நொதிகளில் உலகெங்கும் பரவிய சி.டி.எக்ஸ்.-எம்-15, 1999-இல் புதுதில்லியில் எடுக்கப்பட்ட மாதிரிகளில்தான் முதலில் கண்டறியப்பட்டது என்பதைப் பின்னர் படித்தபோது, நம் ஊர்ப் பழக்கங்களை எண்ணி மனம் கனத்தது.

நைட்ரோஃபுரன்டோயினுக்கு 'எஸ்' இருந்ததால் மாத்திரை போதாதா என்று கேட்டேன். தொற்று சிறுநீரகம் வரை ஏறிவிட்டது, அந்த மாத்திரை சிறுநீர்ப்பையில் வேலை செய்யுமே தவிர, சிறுநீரகத் திசுவில் போதிய அளவு சேராது என்றார். எனவே எர்டாபெனம் 1 கிராம், நாளுக்கு ஒரு முறை வீதம் 10 நாள், ரத்தக் குழாய் வழியாக ஏற்றப்பட்டது. ஊசி குத்திய இடம் வீங்கியதால் மூன்று முறை கை மாற்றினார்கள். அந்த மருந்து சேர்ந்த கார்பபெனம் வகையையும் உடைக்கும் என்.டி.எம். நொதி கொண்ட பாக்டீரியாக்கள் ஏற்கெனவே இருக்கின்றன என்பதால், காய்ச்சல் முழுதாக விடும்வரை எனக்கு உறக்கம் வரவில்லை. முதல் மாத்திரைக்கு முன்பே சிறுநீரைக் கல்ச்சருக்குக் கொடுத்திருந்தால், பொருந்தாத மருந்துகளையாவது தவிர்த்திருக்கலாம்.

அடுத்த ஆண்டு வழக்கமான பரிசோதனையில் அம்மாவின் சிறுநீரில் மறுபடியும் இ.கோலி தென்பட்டது. பதறிப்போய் ஓடினேன். எரிச்சலோ காய்ச்சலோ வலியோ உண்டா என்று மருத்துவர் அம்மாவிடமே கேட்டார். எதுவும் இல்லை என்றார் அம்மா. அப்படியானால் மருந்தும் இல்லை என்று கூறி, சீட்டில் ஒன்றும் எழுதாமல் எங்களை அனுப்பிவைத்தார்.