பெட்ரோலியம் கேட் தாள்: கடல் பகுதியை ஒரே எண்ணெய் வயலை வைத்துப் படித்த கதை

பொறியியல் மேற்படிப்புக்கும் அரசு நிறுவன வேலைக்கும் எழுதும் கேட் (GATE) தேர்வின் பெட்ரோலியம் இன்ஜினியரிங் தாளில் கடல்சார் பகுதியின் பாடத்திட்டத்தைப் பார்த்தால் முதலில் மலைப்பாகத்தான் இருக்கும். நிலையான மேடை, ஜாக்-அப், செமி-சப்மெர்சிபிள், நங்கூரம், டைனமிக் பொசிஷனிங், ரைசர் என்று வெறும் பெயர்களாக நீளும். மனப்பாடம் செய்தால் தேர்வறையில் ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் பாம்பே ஹை (இன்றைய பெயர் மும்பை ஹை) என்ற எண்ணெய் வயலை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு கருவியையும் அங்கே நிறுத்தி, "இந்த இடத்தில் அழுத்தம் எவ்வளவு, அதை எது தடுத்து வைத்திருக்கிறது?" என்று கேட்டேன். பாதிப் பாடம் அந்தக் கேள்வியிலேயே அடங்கிவிடும்.

மும்பைக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டரில் இருக்கிறது பாம்பே ஹை. கடல் ஆழம் ஏறக்குறைய 75 மீட்டர். 1974இல் சாகர் சாம்ராட் என்ற ஜாக்-அப் ரிக் (துளையிடும் மேடை) அங்கே எண்ணெயைக் கண்டது. 1976இல் உற்பத்தி தொடங்கியது. இந்த ஆண்டுகள் தாளில் வராது, நேர்முகத் தேர்வில் உதவும். தாளுக்கு முக்கியம் அந்த 75 மீட்டர்தான். ஏன் ஜாக்-அப்? கால்களைக் கடலடியில் ஊன்றி நிற்கிற அளவுக்கு ஆழம் குறைவு. ஏன் இரும்புச் சட்டத்தின் மேல் நிலையான மேடை? அதே காரணம். ஆழம் ஆயிரம் மீட்டர் ஆனால் இரண்டும் செல்லாது. மிதக்கும் ரிக், கடலடியிலேயே கிணற்றுத் தலை என்று எல்லாம் மாறும்.

கண்டுபிடிக்கும் கட்டத்தில் சீஸ்மிக் சர்வேயைக் கணக்காகப் போட்டுப் படியுங்கள். கப்பலுக்குப் பின்னால் ஏர்கன் அழுத்திய காற்றை வெடிப்பு போல விடுகிறது, நீளமான கேபிளில் உள்ள ஹைட்ரோஃபோன்கள் (நீருக்குள் கேட்கும் மைக்குகள்) எதிரொலியைக் கேட்கின்றன. நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 1500 மீட்டர். 75 மீட்டர் போய்த் திரும்ப 0.1 நொடி. போக வர என்பதால் இரண்டால் வகுக்க வேண்டும் என்பதை ஒருமுறை கையால் போட்டுவிட்டால் அப்புறம் மறக்காது. இன்னொன்று: சீஸ்மிக் படத்தில் தெரிவது பாறையின் அமைப்பு. அதற்குள் எண்ணெய் இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்பது பெரும்பாலும் துளையிட்டால்தான் உறுதியாகும். எண்ணெய் உருவாகும் மூலப்பாறை, அது தங்கும் தேக்கப்பாறை, மேலே கசியவிடாத மூடுபாறை, எண்ணெயைச் சிக்கவைக்கும் பாறை அமைப்பான பொறி என நான்கும் பொருந்த வேண்டும். எண்ணெய் நகர்ந்து வருவதற்கு முன்பே பொறி உருவாகியிருக்கவும் வேண்டும். பாம்பே ஹையில் தேக்கப்பாறை மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்.

அதிக நேரம் செலவிட வேண்டியது துளையிடும் பகுதியில். மட் என்று எல்லோரும் சொல்லும் குழம்பின் எடைதான் பாறைக்குள் இருக்கும் திரவத்தைத் தடுத்து நிறுத்துகிறது. எடை குறைந்தால் கிக், அதாவது பாறைத் திரவம் கிணற்றுக்குள் புகுந்துவிடும்; கூடினால் பாறை பிளந்து மட் உள்ளே ஓடிவிடும். ஆழ்கடலில் இந்த இடைவெளி இன்னும் ஒடுங்குகிறது. மேலே பாறை அழுத்த வேண்டிய உயரத்தில் வெறும் தண்ணீர்தானே நிற்கிறது.

இதற்கு நான் திரும்பத் திரும்பப் போட்ட கணக்கு இது. கடல் ஆழம் 1000 மீட்டர், கடலடிக்குக் கீழே கிணறு 2000 மீட்டர், மட் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.2 கிராம், கடல்நீர் 1.03. புயலில் ரைசரை, அதாவது மிதக்கும் ரிக்கைக் கடலடிக் கிணற்றோடு இணைக்கும் குழாயை, கழற்ற நேர்கிறது. ரைசருக்குள் இருந்த 1000 மீட்டர் மட் போய், அந்த இடத்தில் கடல்நீர் நிற்கும். இழப்பு 0.17 × 9.81 × 1000, அதாவது சுமார் 1670 கிலோபாஸ்கல். இதைக் கீழே உள்ள 2000 மீட்டர் மட்டே ஈடுகட்ட வேண்டுமானால் அடர்த்தி 1.285 ஆக வேண்டும். அந்தக் கூடுதல் 0.085தான் ரைசர் மார்ஜின். ஆழ்கடலில் பாறை இந்தக் கூடுதல் எடையைத் தாங்காமலும் போகலாம். அப்போது கடலடியில் இருக்கும் பிஓபியின் (கிணறு பீறிடாமல் மூடும் கருவி) வால்வுகளை நம்பித்தான் கழற்றுவார்கள். ரைசர், மட், பிஓபி மூன்றையும் ஒரே கணக்கு கோத்துவிடுகிறது பாருங்கள்.

கிணற்றுக்குள் கருவி இறக்கிப் பாறையை அளக்கும் லாக்கிங்கில் காமா, ரெசிஸ்டிவிட்டி, நியூட்ரான்-டென்சிட்டி மூன்றும் வசப்பட்டால் தேர்வுக்குப் போதும். பாறைத் துளைகளில் நீரின் பங்கைக் கணக்கிடும் ஆர்ச்சி சமன்பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதவர வேண்டும்.

உற்பத்தியிலும் அதே கேள்விதான். தேக்கப்பாறையின் அழுத்தம் விழ விழ எண்ணெய் தானாக மேலே வராது. கேஸ் லிஃப்ட்டில் வாயுவைச் செலுத்தித் திரவத் தூணை இலேசாக்குகிறார்கள். கடல்நீரைச் செலுத்தி உள்ளே அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். அந்த நீரிலிருந்து ஆக்ஸிஜனை ஏன் நீக்குகிறோம்? குழாய் அரிக்கும். கிணற்று மேடையிலிருந்து வருவதைப் பிராசஸ் மேடையில் பிரித்து, எண்ணெயைக் குழாய் வழியே உரானுக்கு அனுப்புகிறார்கள். இதற்கு எதிர்ப்பக்கமாகக் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் டி6 என்ற ஆழ்கடல் வாயு வயலை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கடலடியின் குளிரும் குழாயின் அழுத்தமும் சேர்ந்தால் வாயுவும் நீரும் பனிக்கட்டி போன்ற ஹைட்ரேட்டாக உறைந்து குழாயை அடைக்கும். அதைத் தடுக்கத்தான் கிளைகோல்.

தாளைப் பற்றிச் சுருக்கமாக. எண்ணாக விடை எழுதும் கேள்விகளுக்கு நெகட்டிவ் மார்க் கிடையாது, எதையும் வெறுமனே விடாதீர்கள். திரையில் வரும் கால்குலேட்டரிலேயே வீட்டிலும் பழகுங்கள். மட் எடை பிபிஜியிலும் (கேலனுக்கு எத்தனை பவுண்டு), ஆழம் அடியிலும், அழுத்தம் பிஎஸ்ஐயிலும் வந்தால், பெருக்க வேண்டிய 0.052 என்ற எண் கைக்கு வர வேண்டும். ரிக் வகைகளின் படங்களை அழகாக வரைந்து நேரத்தைக் கரைப்பது என் கணக்கில் வீண்.

நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் 2005 ஜூலை 27 மும்பை ஹை நார்த் தீவிபத்தைப் படிக்காமல் போகாதீர்கள். ஒரு துணைக்கப்பல் மேடையின் ரைசரில் (இங்கே, கடலடிக் குழாயை மேடையோடு இணைக்கும் செங்குத்துக் குழாய்) மோதி, வாயு கசிந்து தீப்பிடித்தது. 22 பேர் இறந்தார்கள். அவசர வால்வு எங்கே இருக்க வேண்டும், கப்பல் அணுகும் பக்கத்தில் ரைசர் இருக்கலாமா என்று உங்கள் பாணியில் பதில் தயார் செய்யுங்கள். 167 பேரைப் பலிகொண்ட 1988 பைப்பர் ஆல்ஃபா (வட கடல் எண்ணெய் மேடை) விபத்தையும் கூடவே படித்தால், பணி அனுமதிச் சீட்டு என்ற காகிதம் ஏன் இவ்வளவு கறாராகப் பின்பற்றப்படுகிறது என்பதும் புரியும்.

எல்லாம் முடித்த பிறகு நம் காவிரிப் படுகைக் கடலில் இருக்கும் பிஒய்-1 என்ற வாயு வயலை எடுங்கள். அங்கே வாயு தேங்கியிருப்பது மணற்கல்லில் இல்லை, விரிசல் விட்ட கிரானைட்டில். மேடையில் ஆள் கிடையாது. வாயு குழாய் வழியே பிள்ளைப்பெருமாள்நல்லூருக்கு வருகிறது. துளைமை (வாயு தங்கும் இடைவெளி) எங்கிருந்து வந்தது, மூலப்பாறை எங்கே, ஆளில்லா மேடை ஏன் போதும் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதிப் பாருங்கள்.