சாய்வு சைக்கிளுக்குக் கதிரை பூட்டியது

இரண்டு பழைய லுமாலா சைக்கிள்களை வெட்டி ஒட்டி, மல்லாக்கச் சாய்ந்திருந்து காலை முன்னே நீட்டி மிதிக்கிற சாய்வு சைக்கிள் ஒன்று செய்தேன். அது ஓடத் தொடங்கிய பிறகும், மூன்று மாதம் கதிரையோடுதான் மாரடித்தேன்.

முதலில் பூட்டியது கால் வெட்டிய பிளாஸ்ரிக் கதிரை. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலிலிருந்து பண்ணைக்குப் போய்ச் சேருமுன்னமே முதுகு தெப்பமாக நனைந்துவிடும். இரண்டாம் கிழமை சாய்மானம் வெடித்தது. சாதாரண சைக்கிளில் மிதிக்கும்போது உடம்பின் பாரமே மிதிக்கு உதவும். இதில் கால் முன்னே தள்ளத் தள்ள, அதே பலத்தோடு இடுப்பும் முதுகும் பின்னே உதைக்கும். நான் ஆசனத்தின் அடியைப் பலப்படுத்திவிட்டு, உதை விழுகிற இடத்தைச் சும்மா விட்டிருந்தேன்.

இரும்பு ஒட்டுக்கடை அண்ணை வெடிப்பைத் தடவிப் பார்த்தார். "தம்பி, கதிரைக்கு உடம்பை வளைக்காதை. உன்ரை முதுகை அளந்துகொண்டு வா."

முற்றத்தில் குருமணலைச் சரிவாகக் குவித்து, தண்ணீர் தெளித்து, பழைய சாரத்தை விரித்து, கால்களை மிதிக்கிற மாதிரி நீட்டிச் சாய்ந்தேன். எழும்பிப் பார்த்தால் இடுப்புக்கு மேலே நான் நினைத்ததைவிட ஆழமான வளைவு. தடித்த மின்வயரை அந்தப் பள்ளத்தில் அமர்த்தி, உருக்குலையாமல் கடைக்குக் கொண்டுபோனேன். குழாய் நசியாமல் இருக்க உள்ளே காய்ந்த மணலை இறுக்கி அடைத்து, வயரோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு வளைத்தோம். முதுகுக்குப் பின்னால் இரண்டு தாங்குகால் ஒட்டினார்.

சாய்மனைக் கதிரைக்குப் பின்னுகிற வயராலேயே பின்னினேன். வால் எலும்பு படும் இடத்தில் மூன்று விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டேன். அங்கே வயர் அழுத்தினால் அரை மணித்தியாலத்தில் கால் விறைக்கிறது. ஒரு கிழமையில் பின்னல் தொய்ந்தது. அவிழ்த்து மறுபடி இறுக்கவேண்டி வந்தது.

கதிரைக்கும் மிதிக்கும் இடையிலான தூரத்துக்கு ஒரே கணக்கு: குதிக்காலை மிதியில் வைத்தால் முழங்கால் நேராக நிற்கவேண்டும். பிறகு பாதத்தின் முன்பக்கத்தால் மிதிக்கும்போது முழங்காலில் சிறு மடிப்பு இருக்கும். சாய்வுக்கு மூன்று துளை போட்டோம். ஆகப் படுத்த துளையில் கழுத்து நொந்தது, நடுத்துளையில் பூட்டியிருக்கிறேன்.

போன ஞாயிறு கடலைக் கடக்கிற பண்ணைத் தாம்போதி வீதியால் வேலணைத் தீவுக்குப் போனேன். முகத்துக்கு நேரே கச்சான் காற்று. மற்றவர்கள் எழும்பி நின்று மிதிக்க, காற்று எனக்கு மேலால் போனது. 1933 இல் பிரெஞ்சுச் சைக்கிள் வீரர் பிரான்சிஸ் ஃபோர் இப்படிச் சாய்ந்தே ஒரு மணித்தியாலத்தில் 45 கிலோமீற்றர் தாண்டினார். அடுத்த வருடமே பந்தயங்களில் இவ்வகைச் சைக்கிளை விலக்கினார்கள். அது அநியாயம் என்று தாம்போதியில் வைத்து நன்றாக விளங்கியது.

இனிப் பக்கக் கண்ணாடி பூட்டவேண்டும். இந்தக் கதிரையில் சாய்ந்தபடி பின்னால் வரும் பஸ்ஸைத் திரும்பிப் பார்க்க முடியாது.